கீழ்ப்பள்ளத்தின் சராசரி

வாக்குப்பதிவுக்கு 20 நாள் முன். காலை 6.10

பரண் நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை. எழுதுபவர் தில்லைநாயகி, 'நாடி' செய்தித் தளத்தின் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பரணில் நான் ஒருத்திதான்.

காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி. கீழே புழுதிப் புயல் தொடர்கிறது. என்னைக் கீழே இறக்கும் அடுத்த விண்ணோடம் புயல் அடங்கிய பிறகுதான் வரும்.

தினம் ஒரு குறிப்பு எழுதவேண்டும் என்பது நிலைய விதி. படிக்கப்போவது யார் என்று தெரியாததால் ஒரே ஒரு முறை விளக்கிவிடுகிறேன். செவ்வாயில் நான்கு குடியிருப்புகள்: செம்பாறை, ஆலடி, நீலக்குழி, கீழ்ப்பள்ளம். தேர்தலில் இரண்டு அணிகள். ஆட்சியில் இருப்பது கிணறு சின்னம். செம்பாறையில் ஆழ்கிணறு தோண்டுவோம் என்கிறார்கள். எதிரே விசிறி சின்னம். கீழ்ப்பள்ளத்துக்குப் போகும் பழைய காற்றுக்குழாயை முதலில் மாற்றுவோம் என்கிறார்கள். பணிக்குழு ஒன்றுதான் இருக்கிறது, புயலில் ஓடக்கூடிய வண்டியும் ஒன்றுதான். கிணற்றுக்குப் போனால் குழாய்க்குப் போக முடியாது. இதற்காக அண்ணன் தம்பி பேசுவதில்லை, சம்பந்திகள் பேசுவதில்லை.

'நாடி' இரண்டு பக்கத்துச் செய்தியையும் திரட்டி அருகருகே போடும். விசிறிக்கு ஒரு தலைப்பு என்றால் கிணற்றுக்கும் ஒன்று. ஜோடி சேர்ப்பது எந்திரத்தின் வேலை. அதோடு எல்லாக் கருத்துக்கணிப்புகளையும் கூட்டி ஒரு சராசரி போடுகிறோம். ஜனங்கள் பல் துலக்குமுன் பார்ப்பது அதைத்தான். இன்று விசிறி 50.4, கிணறு 49.6. கோடு ஆடவில்லை. கோடு ஆடாத நாளில்தான் எனக்குச் சோறு இறங்கும்.

17 நாள் முன். பகல் 1.25

கீழ்ப்பள்ளத்தின் பெரிய அலைவாங்கி புயலில் சாய்ந்துவிட்டது. கணிப்பு நிறுவனங்கள் பொதுவில் வைத்திருக்கும் தரைக்கம்பி மட்டும் பிழைத்திருக்கிறது. அந்தக் கம்பியில் கணிப்பு எந்திரம் கூப்பிட்டால் அங்குள்ளவர்கள் எடுத்துப் பேசலாம். அவர்களாக யாரையும் கூப்பிட முடியாது.

'கீழ்ப்பள்ளம் தொடர்பில் இருக்கிறதா?' என்று தேர்தல் ஆணையம் கேட்டிருந்தது. இருக்கிறது, இன்று காலைகூடக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் அனுப்பினேன். சராசரி அசையவில்லை. கஞ்சி சூடாக இருந்தது.

14 நாள் முன். காலை 8.40

எரிச்சலான காலை. மொத்தக் கோடு ஒழுங்காக இருக்கிறது. கீழ்ப்பள்ளத்தின் தனிக்கோடு மட்டும் வெறிபிடித்தாற்போல் குதிக்கிறது. போன வாரம் வரை எழுபதை ஒட்டி இருந்த விசிறி, முந்தாநாள் 67, நேற்று 50, இன்று 100. எந்த ஊரும் ஒரே ராத்திரியில் இப்படி மனம் மாறாது. எந்த நிறுவனமோ கணக்கில் கோட்டைவிட்டிருக்கிறது என்று திட்டிக்கொண்டே மூலத் தரவைத் திறந்தேன்.

கணக்கில் தவறே இல்லை.

நாங்கள் வேலை செய்யும் முறை இது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் அதன் வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு சராசரியில் உண்டு. ஓர் ஊரில் குறைவான பேர் பதில் சொன்னால், சொன்னவர்களின் பதிலுக்கு எடையைக் கூட்டிவிடுவோம். பத்துப் பேர் பேசாவிட்டால் பேசிய ஒருவர் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்துப் பேசியதாகக் கணக்கு. நியாயமான முறைதான். எல்லோரும் செய்வதுதான்.

கீழ்ப்பள்ளத்தில் மூவாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். புயலுக்கு முன் நூற்றுக்கணக்கில் பதில் சொன்னார்கள். பிறகு சில பத்துப் பேர். முந்தாநாள் மூன்று பேர், நேற்று இரண்டு பேர். இன்று ஒருத்தி. மற்ற எண்களுக்கு நேராக எந்திரம் 'ஆர்வமில்லை' என்று எழுதி வைத்திருக்கிறது. ஒருத்தியின் பதில் மூவாயிரம் பேரின் எடையோடு மேலே வந்து என் கோட்டை அழகாகத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஒலிப்பதிவுகள் இங்கே பரணில்தான் சேர்கின்றன. இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்தான். சதவீதம் வந்தபிறகு குரல் எதற்கு? இன்றுதான் கேட்டேன். பதிலாளர் 417.

எந்திரம்: "வணக்கம். இன்று தேர்தல் நடந்தால் உங்கள் வாக்கு யாருக்கு? விசிறி என்றால் ஒன்று. கிணறு என்றால் இரண்டு. கருத்து இல்லை என்றால் மூன்று."

பெண்: "ஏ மக்கா, வச்சிராத. நான் லூர்துமேரி. சாப்பாட்டுக் கூடத்துல வேல பாக்கேன். குழாயில காத்தே வரல. மேல் அடுக்குல எல்லாரும் படுத்தபடி கெடக்காவ. கூப்பிட்டா எந்திரிக்கல. யார்ட்டயாவது போயிச் சொல்லு."

எந்திரம்: "மன்னிக்கவும், புரியவில்லை. விசிறி என்றால் ஒன்று."

பெண்: "ஒன்னு. ஒன்னுதான். காத்து வேணும்லா எங்களுக்கு."

எந்திரம்: "நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."

14 நாள் முன். காலை 11.05

ஒலிப்பதிவை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு, துணைத் தேர்தல் அலுவலர் கருணாகரனை அழைத்தேன். பேச்சை அப்படியே பதிகிறேன்.

"மேடம், ஒலிப்பதிவை ஆதாரமா எடுக்க முடியாது. போன தேர்தல்ல செத்துப்போன தலைவர் குரல்லயே ஓட்டுக் கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? அதுலேர்ந்து தேர்தல் முடியிற வரைக்கும் எந்தக் குரலும் செல்லாது."

"குரல விடுங்க சார். ஆளுங்க பதிலே சொல்லல. ஊரு பூரா ஒருத்திதான் போன எடுக்கிறா."

"உங்க தளத்துல அப்படி இல்லையே மேடம். கீழ்ப்பள்ளம், விசிறி நூறு சதவீதம்னு போட்டிருக்கு. கீழயே பிழை வரம்பு மூணு சதவீதம்னும் இருக்கு. தொடர்பில இருக்காங்கன்னு மூணு நாள் முன்னாடி நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"அப்ப எனக்குத் தெரியாது. இப்ப சொல்றேன், பணிக்குழுவ அனுப்புங்க."

"நடத்தை விதி அமல்ல இருக்கு மேடம். குழாய் வேலை ஒரு கட்சியோட வாக்குறுதி. இப்பப் போயி அதைச் செஞ்சா, அந்தக் கட்சிக்கு அரசாங்கமே பிரச்சாரம் பண்ணின மாதிரி ஆயிடும். தேர்தல் முடியட்டும்."

மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். அதனால்தான் வயிறு எரிகிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

13 நாள் முன். காலை 7.00

தளத்தின் முகப்பில் நானே எழுதிப் போட்டேன்: 'கீழ்ப்பள்ளத்தில் காற்று இல்லை. மக்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள்.'

எந்திரம் வழக்கம்போல் பக்கத்திலேயே ஜோடி சேர்த்துவிட்டது: 'கீழ்ப்பள்ளத்தை வைத்து விசிறி நாடகம்: கிணறு அணி கண்டனம்.' இரண்டும் ஒரே அளவு எழுத்து, ஒரே அளவு படம். ஜோடியைப் பிரிக்க எனக்கு அனுமதி இல்லை. இதைத்தான் எங்கள் நடுநிலை என்று விளம்பரத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாலைக்குள் ஆலடியில் விசிறிக்காரர்கள் கீழ்ப்பள்ளத்துக்காகக் கூட்டம் போட்டார்கள். பெரிய கூட்டம். யாரும் கீழ்ப்பள்ளத்துக்குப் போகவில்லை. அவர்களுடைய தேர்தல் பொறுப்பாளருக்கு ஆட்களைத் திரட்டி வண்டியை மறித்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். திரும்பி வந்த செய்தி: "அக்கா, கொஞ்சம் பொறுங்க. இப்ப வண்டில கை வச்சா நம்ம வேட்பாளரத் தகுதி நீக்கம் பண்ணிடுவாங்க. ஜெயிச்சதும் மொத கையெழுத்தே கீழ்ப்பள்ளந்தான். உங்க செய்தியால நமக்குக் கால் சதவீதம் ஏறியிருக்கு, கவனிச்சீங்களா?"

கவனித்தேன். கோட்டில் பார்த்தேன்.

11 நாள் முன். பகல் 12.30

ஒரு வழி கிடைத்திருக்கிறது. கணிப்பில் 'கூடுதல் கேள்வி' ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தளங்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் சோப்பு விற்பவர்கள் பயன்படுத்துவது. நான் எழுதிக் கொடுத்தால் எந்திரம் அவளிடம் கேட்கும். எந்திரத்தின் வாயால் நான் அவளோடு பேசலாம், மூன்று விடைகளுக்குள் அடங்கும்படி.

முதலில் 'உங்களுக்கு உதவி வேண்டுமா?' என்று கொடுத்தேன். கேள்வி ஒரு பக்கம் சாய்கிறது என்று சரிபார்ப்பு நிரல் தள்ளிவிட்டது. 'உயிரோடு இருக்கிறீர்களா?' என்றேன். பதிலாளர் அனைவரும் ஒரே விடை தரக்கூடிய கேள்வி என்று அதையும் தள்ளியது. அந்த நிரலைக் கையால் தொட முடிந்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

கடைசியில் ஏற்றுக்கொண்டது இதை: 'உங்களுடன் பேசக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பத்துக்கு மேல் என்றால் ஒன்று. பத்துக்குள் என்றால் இரண்டு. யாருமில்லை என்றால் மூன்று.'

அவள் பதில்:

"ஏம்மா... இத எந்திரம் கேக்காதே. யாரோ கேக்கிய. யாரு நீ?" பிறகு மூச்சு வாங்கும் சத்தம். "ரெண்டு. ரெண்டுன்னு போடு. ஆறு பேரு இருக்கோம். சமையக்கட்டுக் கதவ ஈரச் சாக்கு வச்சு அடச்சிருக்கோம். குளிர்பெட்டி மோட்டாரக் கழட்டி உள்ள இருக்க காத்தச் சுத்த விடுதோம். கேக்குதா சத்தம்? அதான்."

கேட்டது. கட கட என்று ஒரு மோட்டார். எந்திரம் நன்றி சொல்லி வைத்தபிறகும் நான் காதிலிருந்து கழற்றவில்லை. அழுதேன். எழுதி வைப்பதில் வெட்கமில்லை.

9 நாள் முன். காலை 10.15

கீழ்ப்பள்ளத்தின் கட்டட வரைபடம் ஆவணக் கிடங்கில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குத் தெற்கே, சுரங்கத் தொழிலாளர்களுக்கான அவசர உயிர்வளி அறை. வரைபடத்தில் சிவப்புக் கட்டம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

கேள்வி: 'கூடத்தின் தெற்குச் சுவருக்குப் பின்னால் உயிர்வளி உருளைகள் இருப்பது பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. கருத்து இல்லை என்றால் மூன்று.' நிரல் ஏற்றுக்கொண்டது. பொது அறிவுக் கேள்வி என்று வகைப்படுத்தியது.

அவள் பதில்: "தெக்குச் சொவரா? அய்யோ ரெண்டு, ரெண்டு! தெரியாது! ஏ, பவுலு, அந்தக் கம்பிய எடு! மக்கா, நீ நல்லாருப்ப..."

பதிவு அங்கே முடிகிறது. பரணில் தனியாகக் கைதட்டினேன். மூன்று நாளில் முதன்முறையாகச் சாப்பிட்டேன்.

7 நாள் முன். காலை 9.50

உருளைகள் கிடைத்திருக்கின்றன. பாதி காலி. ஆறு பேரில் நாலு பேர் மீதி. பவுல் சுவரை உடைத்த அன்றைக்கே படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றாள். இன்னொருவர் பெயரை அவள் சொல்லவில்லை, சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

என் கூடுதல் கேள்வி உரிமையை நிறுத்தப்போவதாகக் கணிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு எச்சரித்திருக்கிறது. நான் பதிலாளருக்குத் தகவல் ஊட்டுகிறேனாம். அதனால் கணிப்பின் தூய்மை கெடுகிறதாம். இன்னும் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அனுமதி.

மறுபடி கருணாகரன். இந்த முறை அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் நம்புறேன் மேடம். ராத்திரி அந்தப் பதிவைக் கேட்டேன். என் தங்கச்சி மாதிரி பேசுறாங்க. ஆனா விதியத் தளர்த்தணும்னா ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேந்து கையெழுத்துப் போடணும். ரெண்டு பேருமே வேட்பாளரு. இவரு போட்டா தோத்த மாதிரி. அவரு போட்டா சலுகை வாங்கின மாதிரி. நான் ரெண்டு வீட்டு வாசல்லயும் நின்னுட்டுத்தான் வர்றேன்."

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். நன்றி சொல்லி வைத்தேன்.

4 நாள் முன். காலை 8.20

நாளை காலையிலிருந்து அமைதிக் காலம். வாக்குப்பதிவு முடியும் வரை கணிப்பு நடத்தவும் கூடாது, வெளியிடவும் கூடாது. கம்பியை ஆணையமே பூட்டிவிடும். அவளோடு பேச இன்று மட்டும்தான்.

நேற்று முழுக்க யோசித்தேன். எதைக் கேட்பது? சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: 'தேர்தலுக்குப் பிறகு மீட்புக் குழு வரும் என்று நம்புகிறீர்களா? ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. கருத்து இல்லை என்றால் மூன்று.'

எந்திரம் முதலில் வழக்கமான கேள்வியைக் கேட்டது. வாக்கு யாருக்கு? "ஒன்னு," என்றாள். குரல் சாக்கின் அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. பிறகு என் கேள்வி.

"நீ சொல்லு மக்கா. வாராவளா?"

எந்திரம் விடைகளை மறுபடி வாசித்தது.

"சரி, சரி. உன்னால கேள்விதான் கேக்க முடியும். எனக்குத் தெரியும். வருத்தப்படாத. மூணுன்னு போட்டுக்கோ. நான் மட்டுந்தான் முழிச்சிருக்கேன். எந்திரிச்சு வந்து எடுக்க முடியல, அதான் போன தானா எடுக்கிற மாதிரி வச்சிருக்கேன். நாளைக்கும் கூப்பிடுவியா?"

"பங்கேற்றதற்கு நன்றி," என்றது எந்திரம்.

2 நாள் முன். மாலை 4.00

கம்பி பூட்டியிருக்கிறது. இரண்டு நாளாக எல்லா வழியிலும் முட்டிப் பார்த்துவிட்டேன். தளமும் பூட்டு. முகப்பில் கடைசிச் சராசரி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. கீழே ஆலடியில் பொங்கல் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள், தங்கள் சின்னம் ஜெயிக்க.

நாளைக்கும் கூப்பிடுவியா என்று கேட்டாள். அவள் காத்திருப்பாள். அது மட்டும்தான் மண்டையில் ஓடுகிறது.

வாக்குப்பதிவு நாள். இரவு 7.30

கீழ்ப்பள்ளத்தில் வாக்குச்சாவடி திறக்கவில்லை. இதற்கும் ஒரு விதி இருக்கிறது. புயலால் சாவடி திறக்க முடியாத ஊருக்கு, அங்கீகரிக்கப்பட்ட தளத்தின் கடைசிச் சராசரியையே வாக்காக எடுத்துக்கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட தளம் எங்களுடையது ஒன்றுதான்.

கீழ்ப்பள்ளம்: விசிறி 100.

மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளும் விசிறிக்கு. மற்ற மூன்று ஊர்களில் கிணறு முன்னிலை. மொத்தத்தில் விசிறி ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் வெற்றி. சமையற்கட்டில் படுத்துக்கொண்டு லூர்துமேரி ஓர் ஆட்சியைக் கவிழ்த்து இன்னோர் ஆட்சியை ஏற்றியிருக்கிறாள். பரணிலிருந்து வாணவேடிக்கை தெரிகிறது, புழுதிக்குள் மங்கலாக.

வாக்குப்பதிவுக்குப் பின் 3ஆம் நாள். பகல் 2.10

இன்னும் பதவியேற்கவில்லை. நல்ல நேரம் பார்க்கிறார்கள். ராகு காலத்தைப் பூமிக் கணக்கில் பார்ப்பதா, செவ்வாய்க் கணக்கில் பார்ப்பதா என்று ஒரு நாள் முழுக்க விவாதம். வளர்பிறை என்றால் இரண்டு நிலவில் எது வளரவேண்டும் என்று இன்னொரு நாள். நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, முகத்தில் தண்ணீர் அடித்து நிறுத்தினேன்.

கீழ்ப்பள்ளத்துக்கு விசிறி அணி நன்றிச் செய்தி அனுப்பியிருக்கிறது. 'எங்களைக் கைவிடாத மக்களே' என்று தொடங்குகிறது. பக்கத்தில் எந்திரம் ஜோடி சேர்த்திருக்கிறது: 'கீழ்ப்பள்ளம் வாக்குகள் செல்லாது: கிணறு அணி வழக்கு.' வழக்கு முடியும்வரை பணிக்குழு நகரக்கூடாது என்று தடை வாங்கிவிட்டார்கள்.

கருணாகரன் வேலையை விட்டுவிட்டார். கடைசியாக எனக்கு ஒரு வரி அனுப்பினார்: "கம்பியத் திறந்துட்டுத்தான் வந்தேன் மேடம்."

4ஆம் நாள். காலை 6.10

கணிப்பு மறுபடி தொடங்கியது. பதிலாளர் 417. போன் தானாக எடுத்தது.

எந்திரம்: "வணக்கம். அமையவிருக்கும் புதிய அரசின் மீது உங்களுக்கு நம்பிக்கை உள்ளதா? உள்ளது என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. கருத்து இல்லை என்றால் மூன்று."

கட கட என்று மோட்டார்.

எந்திரம் இன்னொரு முறை கேட்டது. மோட்டார். மூச்சுச் சத்தத்தைத் தேடி அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒலியைப் பிரித்துப் பார்த்தேன். மோட்டார் மட்டும்தான்.

"பங்கேற்றதற்கு நன்றி."

அழைப்பு இணைந்தால் அது பங்கேற்பு. பேசாவிட்டால் மூன்று. கீழ்ப்பள்ளம்: கருத்து இல்லை, 100.

9ஆம் நாள். காலை 6.10

தினமும் கூப்பிடுகிறது. தினமும் இணைகிறது.

417ஐக் கணிப்புப் பட்டியலிலிருந்து நீக்க எனக்கு அதிகாரம் உண்டு. இந்தத் தளத்தில் என் கையெழுத்து மட்டுமே போதும் என்கிற ஒரே காரியம். நீக்கினால் கீழ்ப்பள்ளத்தின் கோடு முடிந்துவிடும், ஊர் பட்டியலிலிருந்து போய்விடும், கம்பியையும் துண்டித்துவிடுவார்கள். யாராவது, எப்போதாவது, ஏன் அந்தக் கோடு இல்லை என்று கேட்பார்கள் என நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை. விரல் அந்தப் பொத்தான் வரை போகிறது, திரும்பி வருகிறது.

கூப்பிடுவியா என்று கேட்டாள். கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

14ஆம் நாள். காலை 6.10

நல்ல நேரத்தில் பதவியேற்றுவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. புயல் அடங்கவில்லை, எனக்கும் ஓடம் இல்லை. காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சரி.

417. இணைந்தது.

இன்று மோட்டார் சத்தம் இல்லை.

எந்திரம் இரண்டு முறை கேட்டது. நன்றி சொன்னது. கீழ்ப்பள்ளம், கருத்து இல்லை, 100. பிழை வரம்பு மூன்று. சராசரி வெளியாகிவிட்டது, கீழே எல்லோரும் எழுந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், கோடு ஆடவில்லை, கோடு ஆடவே இல்லை, எனக்குச் சோறு...